உங்க நகையை உரசிப் பார்க்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கா?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு நிற்கலாம், வீட்டுச் செலவு நிற்குமா? போதாததுக்கு ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் வேற. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு மாதத்தை ஓட்டித் தருவது பீரோவுக்குள் இருக்கும் நகைதான். ஒரு செயின், ஒரு ஜோடி கம்மல், இரண்டு வளையல்.

அடகுக் கடைக்குப் போகிறீர்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் செயினை வாங்கி, கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு இழுக்கிறார். ஆசிட் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. இரண்டு நொடி பார்வை. ‘மாத்து கொஞ்சம் கம்மியா இருக்கும்மா’ என்று சொல்லி ஒரு தொகையைச் சொல்கிறார். நாமும் தலையாட்டிவிடுகிறோம். அவர் சொன்னது சரியா தப்பா என்று நமக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றும் கேட்பதில்லை.

அந்த ‘கொஞ்சம் கம்மி’ எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 பவுன் நகை என்றால் 40 கிராம். 22 கேரட், அதாவது 916 என்றால், அதில் சுத்தத் தங்கம் 36.64 கிராம் இருக்க வேண்டும். அதே நகை உண்மையில் 20 கேரட், அதாவது 833 என்றால் 33.32 கிராம்தான் தேறும். வித்தியாசம் 3.32 கிராம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான். இன்றைக்கு ஒரு கிராம் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள், தலை சுற்றும். வாங்கும்போது 22 கேரட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, அடகு வைக்கும்போது 20 கேரட் மதிப்பு கிடைத்தால், எங்கேயோ ஒருவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். விற்ற கடையா, இந்தக் கவுன்ட்டரா என்பதுதான் கேள்வி.

தங்கசாலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு...

தங்கத்தைச் சோதித்துச் சொல்வது நம்ம ஊரில் ரொம்பப் பழைய தொழில். சங்க காலத்திலேயே காசின் தரம் பார்ப்பவருக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். புலவர்கள் சிலரின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் ‘நோட்டம் பார்க்கிறவர்’ ஆனார்கள். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று மாப்பிள்ளையைப் புகழ்கிறோமே, அந்த ‘மாற்று’ இவர்களுடைய அளவுகோல்தான்.

வட சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. பஸ்ஸில் ‘மின்ட் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த மின்ட், தங்கசாலை, பிரிட்டிஷ் ஆட்சியில் நாணயம் அடித்த இடம். 1869-ல் மூடிவிட்டார்கள். பிறகு அந்த வளாகம் அரசு அச்சகம் ஆனது. நாணயச்சாலை என்றால் உலோகத்தின் தரத்தைப் பார்க்க சர்க்கார் சம்பளத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மின்ட் போனது. பக்கத்தில் சௌகார்பேட்டையும் என்.எஸ்.சி. போஸ் ரோடும் நகைக் கடைகளால் நிறைந்தன. ஆனால், பொதுமக்களின் நகையைச் சோதித்து முத்திரை போட ஓர் அரசு ஏற்பாடு வருவதற்கு 2000-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் இந்த வேலை 1300-லேயே சட்டமாகிவிட்டது. பொற்கொல்லர் சங்கத்தின் ‘ஹால்’ கட்டடத்துக்கு நகையைக் கொண்டுபோய் மார்க் வாங்கியதால்தான் அதற்கு ‘ஹால்மார்க்’ என்றே பெயர் வந்தது.

சரி, இப்போது நம் கவுன்ட்டருக்கு வருவோம். அடகுக் கடைக்கு லைசென்ஸ் உண்டா? உண்டு. 1943-ம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி லைசென்ஸ் வாங்காமல் கடை நடத்தக் கூடாது. அடகு வைத்தால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கவனியுங்கள், அந்த லைசென்ஸ் பணம் கடன் கொடுப்பதற்கு. தங்கத்தின் தரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியுமா என்று அதற்காக யாரும் பரீட்சை வைப்பதில்லை. உரைகல் வைத்திருக்கத் தனி லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது.

உரைகல்லைக் குறை சொல்லவில்லை. தரம் தெரிந்த ஆணியால் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கை தேர்ந்த ஆள் நல்ல மதிப்பீடு தருவார். பிரச்னை, கல்லில் ஒட்டுவது நகையின் மேல்தோல் மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கல்லுக்குத் தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் அரத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிவிட்டு உரசுவார்கள். இருந்தாலும் அது கண் சொல்லும் கணக்குதான். எண்ணாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

புடம் போட்டால்தான் உண்மை

எண்ணாக எழுதித் தரும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ். அங்கீகரித்த ‘அஸேயிங் அண்ட் ஹால்மார்க்கிங் சென்டர்’. நாம் ஹால்மார்க் சென்டர் என்றே சொல்லலாம். நகைக் கடை இங்கே நகையை அனுப்புகிறது. சோதித்து, தேறினால் முத்திரை போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். முத்திரையைப் போடுவது கடைக்காரர் இல்லை என்பதே பல பேருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இந்த சென்டரை நினைத்த இடத்தில் நினைத்தவர் திறந்துவிட முடியாது. 2016-ம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டம், 2018-ல் வந்த ஹால்மார்க்கிங் ஒழுங்குமுறை விதிகள் இரண்டும்தான் அடிப்படை. சென்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே ‘ஐ.எஸ். 15820’ என்று தனித் தரநிலை இருக்கிறது. உலை, தராசு, ஆசிட் புகை வெளியேறும் வசதி, பயிற்சி பெற்ற ஆட்கள், யார் எந்த நகையை எப்போது சோதித்தார் என்ற பதிவேடு எல்லாம் இருக்கிறதா என்று பி.ஐ.எஸ். ஆட்கள் நேரில் வந்து பார்த்த பிறகுதான் அங்கீகாரம். அதுவும் காலவரையறையோடுதான், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் சொல்லாமல் வந்தும் சோதிப்பார்கள். தப்பு கண்டுபிடித்தால் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் தனி ஆளாகப் பதிவு எண் இருக்கிறது. தங்கம் சோதிக்கிறவருக்கு அப்படி இல்லை. அங்கீகாரம் சென்டருக்குத்தான். உள்ளே உலைக்கு முன்னால் நிற்கும் ஆளுக்குப் பயிற்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் நாளைக்கு அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாக மேஜை போட்டு உட்கார்ந்தால், அவர் சொல்லும் தரத்துக்குச் சட்டத்தின் முன் அந்த மதிப்பு இல்லை. அதனால் ‘நான் இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன்’ என்று யாராவது சொன்னால், மரியாதை கொடுங்கள். ஆனால் அதை ஹால்மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்டருக்குள் என்ன நடக்கிறது? முதலில் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின். நகை மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். நகைக் கடைகளிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். வேகமான மெஷின், நகைக்குச் சேதமில்லை. ஆனால் இதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அதனால் கடைசித் தீர்ப்பை இதனிடம் விடுவதில்லை.

அடுத்து நடப்பதுதான் அசல் சோதனை. வந்த சரக்கிலிருந்து மாதிரிக்கு எடுத்த நகையில் துளியூண்டு தங்கத்தைச் சுரண்டியோ வெட்டியோ எடுக்கிறார்கள். மில்லிகிராம் கணக்குதான். அதை எடை போட்டு, கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொட்டலம் கட்டி, சின்னக் கிண்ணம் போன்ற குப்பியில் வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் உலைக்குள் அனுப்புகிறார்கள். ஈயம் உருகும்போது செம்பு, துத்தநாகம் மாதிரியான கலப்பு உலோகங்களையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப்போய்விடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி. அந்த மணியைத் தட்டித் தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் ஆசிட்டில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துவிடும். தங்கம் கரையாது. மறுபடி எடை. முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் உள்ள விகிதம்தான் தரம். நாம் ‘புடம் போட்ட தங்கம்’ என்று சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்கிறோமே, அது இந்த வேலைதான். மெஷின்கள் எத்தனை வந்தாலும் தங்கத்துக்குத் தீர்ப்பு சொல்ல இன்னமும் நெருப்பைத்தான் நம்புகிறார்கள்.

இதற்குக் கடையிலிருந்து வாங்கும் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. 2022-ல்தான் 35-லிருந்து 45 ஆக்கினார்கள். கவனியுங்கள், கிராமுக்கு இல்லை, நகைக்கு. ஒரு பவுன் மோதிரமானாலும் பத்துப் பவுன் ஆரமானாலும் அதே 45-தான். உங்கள் பில்லில் ‘ஹால்மார்க் சார்ஜ்’ என்று நூற்றுக்கணக்கில் போட்டிருந்தால், ஒரே ஒரு நகைக்கு அது எப்படி வந்தது என்று தாராளமாகக் கேட்கலாம்.

மூன்று குறி இருக்கா, பாருங்க

2021 ஜூனில் நாடு முழுக்க 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயம் ஆனது. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. அதே வருடம் ஜூலையிலிருந்து ஹெச்.யு.ஐ.டி என்ற ஆறு இலக்கக் குறியீடு வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும், ஒவ்வொரு நகைக்கும் தனி. ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு, அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றாகிவிட்டது.

ஆகவே இப்போது நீங்கள் வாங்கும் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். முக்கோணம், 22கே916 என்பது போன்ற தரக் குறி, ஆறு இலக்க எண். வெறும் ‘916’ மட்டும் அடித்திருந்தால் அது ஹால்மார்க் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் அச்சு வைத்து அடிக்கலாம். ‘கே.டி.எம்’ என்பதும் ஹால்மார்க் இல்லை. காட்மியம் கலந்து பற்றவைத்த நகைக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. பற்றவைக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கெடுதல் என்று காட்மியத்தையே கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் நம்ம ஏரியா கல்யாண வீடுகளில் ‘கே.டி.எம் நகைதான் போட்டோம்’ என்று பெருமையாகச் சொல்வது இன்னமும் நிற்கவில்லை!

போனில் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பை இறக்கி, அந்த ஆறு இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கடை, எந்த சென்டர், எந்தத் தேதி, என்ன தரம், என்ன வகை நகை என்று வரும். கடைசியில் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கையில் செயினை வைத்திருக்கிறீர்கள், ஆப் ‘மோதிரம்’ என்று காட்டினால், யாரோ வேறு நகையின் எண்ணைத் திருடி அடித்திருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன் கடையில் நின்றுகொண்டே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சில விலக்குகளும் உண்டு. 2 கிராமுக்குக் கீழே உள்ள நகைக்குக் கட்டாயம் இல்லை. வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சின்னக் கடைகளுக்கும் விலக்கு. குந்தன், போல்கி வகைகளுக்கும் அப்படியே. இந்த முதல் இரண்டும் வட சென்னைக்கு ரொம்ப முக்கியம். குழந்தைக்குக் காது குத்த வாங்கும் கம்மல், மூக்குத்தி எல்லாம் 2 கிராமுக்குள் அடங்கிவிடும். தெருமுனைப் பத்தரிடம் செய்யக் கொடுப்பதும் விலக்கில் வந்துவிடலாம். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் வாங்கும் நகைக்குத்தான் முத்திரைப் பாதுகாப்பு குறைவு என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பாட்டி காலத்து நகைக்கு முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். வைத்திருக்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம். நான்கு குறிகளோடு வந்த பழைய ஹால்மார்க்கும் உங்கள் கையில் இருக்கும்வரை செல்லும்.

பேங்க் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்

அடகுக் கடை வேண்டாம் என்று பேங்குக்குப் போனாலும் அதே கல், அதே ஆசிட்தான் வரவேற்கும். நகை மதிப்பீட்டாளர், அதாவது அப்ரைசர், பல கிளைகளில் பேங்க் ஊழியர் கிடையாது. கிளை சேர்த்துக்கொண்ட வெளி ஆள். ஒவ்வொரு கடனுக்கும் இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். பெரும்பாலும் நகைத் தொழிலிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் ‘நகை மதிப்பீடும் அதன் நுட்பங்களும்’ என்று ஒரு பயிற்சியே நடத்துகின்றன. அந்தச் சான்றிதழோடு வேலைக்கு வருபவர்களும் உண்டு. ஆனால் அது படித்ததற்கான சான்றிதழ். ஹால்மார்க் சென்டருக்கு இருப்பது போன்ற அங்கீகாரமோ, திடீர் சோதனையோ இந்த மேஜைக்கு இல்லை.

அப்ரைசர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்து, கடன்களை ஆய்வு செய்தபோது, சில இடங்களில் போலி நகைக்கே கடன் கொடுத்திருந்தது வெளியே வந்தது.

இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூன் 6-ம் தேதி ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கெடு. வங்கிகளும் நகைக்கடன் கம்பெனிகளும் இதற்குள் வரும். தெருமுனை அடகுக் கடை வராது. கடன் வாங்கும்போது நகையைச் சோதிப்பது உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். ‘உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துட்டு வர்றோம்’ என்பது கூடாது. கல்லுக்கு, அரக்குக்கு, கொக்கிக்கு என்று எடையில் கழித்தால் ஏன் கழிக்கிறோம் என்று விளக்க வேண்டும். கேரட் எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு, கழிவு போக எவ்வளவு, நகையில் நசுங்கல் உடைசல் இருந்ததா, என்ன மதிப்பு என்று எழுதி, நகையின் போட்டோவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு. விவரங்களைத் தமிழிலேயே கேட்கலாம்.

இந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். ‘கொஞ்சம் கம்மி’ என்ற வாய் வார்த்தை ஒரு எண்ணாக மாறும் இடம் அதுதான். ஒருவர் 20 கேரட் என்று எழுதித் தந்து, உங்கள் பழைய பில் 22 என்று சொன்னால், அடுத்து எங்கே போவது என்பதும் தெளிவாகிவிடும்.

200 ரூபாய்க்குத் தெரிந்துவிடும்

அடுத்துப் போக வேண்டிய இடம் ஹால்மார்க் சென்டர். அது கடைக்காரர்களுக்கு மட்டுமான இடம் இல்லை. நீங்களும் நானும் நேராக நகையை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல்லலாம். நான்கு நகை வரை 200 ரூபாய். ஐந்தாகவோ அதற்கு மேலோ இருந்தால் நகைக்கு 45 ரூபாய். ரிப்போர்ட் எழுத்தில் கொடுப்பார்கள். புது முத்திரை மட்டும் நமக்கு நேரடியாகப் போட மாட்டார்கள், அதற்குப் பதிவு பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்தில் எந்த சென்டர் அங்கீகாரத்தோடு இருக்கிறது என்ற பட்டியல் பி.ஐ.எஸ். இணையதளத்தில் இருக்கிறது. போர்டில் முக்கோணம் வரைந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் போகாமல், அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகையைக் கொடுக்கும் முன், வெறும் மெஷின் சோதனையா, துளி எடுத்துப் புடம் போடுவதா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எடையை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள்.

ஹால்மார்க் நகையிலேயே தரம் குறைந்திருந்தால்? 2018-ம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். முன்னால் போட்ட கணக்கையே எடுத்துக்கொண்டால், 3.32 கிராமின் விலையைப் போல இரண்டு பங்கு. இதற்கு பில் கட்டாயம் வேண்டும். பில்லில் ஒவ்வொரு நகையின் எடை, கேரட், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘ஜி.எஸ்.டி மிச்சம், பில் வேண்டாமே’ என்று சொல்லும் கடையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது இந்த உரிமையைத்தான்.

புகாரை அந்த ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பிலேயே பதியலாம். நேரில்தான் போவேன் என்றால் அலுவலகம் தரமணி சி.ஐ.டி வளாகத்தில் இருக்கிறது. பி.ஐ.எஸ்-ஸின் ஆய்வகமும் அங்கேதான். திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை. ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், அதனால் ஆப் நல்லது.

தடைக்காலம் முடிந்து, படகு கடலுக்குப் போய், ஒருவழியாக நகையை மீட்கும் நாள் வரும். பேங்கோ கம்பெனியோ, கடனை முழுசாகக் கட்டினால் அன்றைக்கே, அதிகபட்சம் 7 வேலை நாள்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும் என்கின்றன ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். கவரை வாங்கியதும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே பிரித்து, எடை போடச் சொல்லி, வைக்கும்போது தந்த சான்றிதழை எடுத்து எண்ணையும் போட்டோவையும் சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.